பெரிதாக்கினால் இருண்டுபோன வீடியோ

காவல் நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டை எல்லோரும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த ரைட்டர் என் தம்பியைப் பற்றி எழுதியிருந்த காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "மதுபோதையில் நிலைதடுமாறி, வாகனத்துடன் தானாகவே கீழே விழுந்து" என்று ஒரு வரி அதில் இருந்தது. மூன்று முறை படித்தேன். அதற்குள் அவர் காகிதத்தை இழுத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

தம்பி ஒரு காலத்தில் குடித்தவன்தான். தெருவே பார்க்கக் குடித்தான், தெருவே பார்க்க நிறுத்தினான். நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, மொபெட்டில் பெட்டி கட்டி, திருவொற்றியூர் வழியாக மணலி புதுநகர் வரைக்கும் தெருத்தெருவாக விற்பான். அன்றைக்குக் காலை பதினோரு மணி வாக்கில் கன்டெய்னர் லாரி ஒன்று பின்னாலிருந்து இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தவனிடம் நான் அந்த வரியைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் காலைப் பற்றி அழாதவன், அந்த வரியைக் கேட்டு அழுதான்.

"கால் போனா போவுது. குட்ச்சிட்டு வுயிந்தான்னு எய்தி வெச்சிகிறான் பாருணா. அத்த மட்டும் மாத்திக் குட்த்துரு."

அவன் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். ஆனால் அவன் கேட்ட ஆள் தப்பான ஆள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் "நிறுத்துங்க" என்று கத்தக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவன் நான். பத்தாவதோடு படிப்பு நின்றது. கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க் வேலை. உள்ளே வரும் பெட்டியின் நம்பரையும் சீல் நம்பரையும் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக மனிதர்கள் முகத்தைவிடப் பெட்டிகளின் கதவைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு இரண்டு அறை வீட்டில் இருக்கிறேன்.

விபத்து நடந்த இடத்துக்கு எதிரே ஒரு பெயிண்ட் கடை. வாசலில் கேமரா இருப்பதை நான் பார்த்திருந்தேன். கடைக்காரரிடம் கேட்க எனக்கு நான்கு நாள் பிடித்தது. முதல் மூன்று நாளும் கடை வரை போய், வேறு எதையோ பார்ப்பது போல நின்றுவிட்டுத் திரும்பினேன். நான்காம் நாள் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். போலீஸ் வந்து கேட்கவே இல்லையே, நீ எதற்குக் கேட்கிறாய் என்றார். ரைட்டர், "வண்டி நம்பர் இல்லாமல் நான் யாரைத் தேடுவது, உனக்குத் தெரிந்தால் கொண்டு வா" என்று சொன்னதைச் சொன்னேன். கடைக்காரர் ஒரு மாதிரிச் சிரித்தார். அந்த நாள் வீடியோவைத் தனியாக எடுத்துத்தான் வைத்திருக்கிறார். அடிக்கடி போட்டுப் பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது; கடைப் பையன்கள் அதைப் பற்றி ஏதோ மேட்ச் பேசுவது போலப் பேசினார்கள். பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, இங்கே வாங்கினதாக யாரிடமும் சொல்லக் கூடாது, இனிமேல் வரவும் கூடாது என்றார். நான் அதற்கும் நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது.

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. எங்கள் யார்டில் கழித்துப் போட்டபோது நான் வாங்கி வந்தது. முன் அறையில் அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். உள் அறையில் தம்பியின் கட்டில். நடுவில் கதவு கிடையாது, புடவைத் திரைதான்.

அந்த ஃபைலை ஃபோன் திறக்கவில்லை. யார்டு கம்ப்யூட்டர்களில் பென் டிரைவ் சொருக முடியாதபடி அடைத்து வைத்திருக்கிறார்கள். ஆகவே இந்தப் பழைய கம்ப்யூட்டர்தான் கதி. வீடியோ பிளேயரில் போட்டதும் ஓடியது. ஆனால் போஸ்ட் கார்டு அளவுக்கு ஒரு சின்னச் சதுரம். அதற்குள் சாலை, சாலைக்குள் எறும்பு போல வண்டிகள். ஒரு எறும்பு என் தம்பி. பின்னாலிருந்து ஒரு நீளமான நிழல் வருகிறது, எறும்பு காணாமல் போகிறது, நிழல் போய்விடுகிறது. ஓரத்திலிருந்து நாலைந்து எறும்புகள் ஓடி வருகின்றன. அவ்வளவுதான் தெரிந்தது.

முழுத்திரைக்குப் போகும் பட்டனை அமுக்கினேன். திரை முழுக்கக் கறுப்பானது.

படம்தான் போனது, சத்தம் போகவில்லை. அந்தக் கேமராவில் மைக்கும் இருந்திருக்கிறது. கடைக்குள்ளே பெயிண்ட் டப்பாவைக் குலுக்கும் மெஷின் கடகடவென்று ஓடுவது, எஃப்.எம்.மில் ஒருவன் விளம்பரம் பேசுவது, லாரி ஹாரன், பிறகு ஒரு மொத்தல் சத்தம், தகரம் தேய்ந்து இழுபடுவது, ஒரு பெண் "அய்யய்யோ" என்பது, எல்லாம் அந்தக் கறுப்புக்குள்ளிருந்து வந்தது. புடவைத் திரைக்குப் பின்னால் தம்பி கட்டிலில் அசைவது கேட்டது. எஸ்கேப்பைத் தட்டினேன். போஸ்ட் கார்டு திரும்பி வந்தது. மறுபடி பெரிதாக்கினேன். மறுபடி கறுப்பு. வீடியோ ஜன்னலின் மூலையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்த்தேன். இரண்டு விரல் அகலம் கூடினதும் மறுபடி கறுப்பு.

நான் வீடியோ வாங்கி வந்தது தெருவுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் முன் அறையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் உரிமையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்குப் போகிறவர். தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தபோது முதல் ஆளாக வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர். கூட்டம் உள்ளே வரும்போதே தம்பி பெண்டாட்டி குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அன்றைக்குத் தண்ணீர் வரும் நாளே இல்லை.

எனக்கு "போங்கள்" என்று சொல்ல வாய் வரவில்லை. போட்டேன். திருப்பிப் போடு என்றார்கள். திருப்பிப் போட்டேன். ஒருவர் வாயில் கடலை மென்றுகொண்டிருந்தார். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது அந்த மெல்லும் சத்தம் என் காதுக்குள் கேட்டது. இங்கே நிறுத்து, அங்கே நிறுத்து என்றார்கள். இன்னொருவர் தன் பையனைத் தூக்கித் தோளில் வைத்துக் காட்டினார். என் தம்பி விழுகிற இடம் வரும்போது எல்லோரும் சேர்ந்து "ஸ்ஸ்" என்றார்கள். அதில் ஒரு ருசி இருந்தது. மிளகாய் பஜ்ஜி கடிப்பவர்கள் போடும் சத்தத்துக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

"தோ பாரு, எத்தினி பேரு ஓடியாறாங்கோ," என்றார் கடலை மென்றவர். "நம்ம ஏரியாக்காரன் மன்சு அது. வேற எங்கன்னா இப்டி ஓடியாருவானா?"

உள்ளே இருந்து தம்பி, "ஆமா, யாரோ வந்து தூக்கினாங்கோ. கண்ணு சரியாத் தெரில," என்று பதில் சொன்னான். அந்தக் குரலில் நன்றி இருந்தது.

நான் முழுத்திரையை அமுக்கினேன். கறுப்பு. எல்லோருக்கும் ஏமாற்றம். இது என்ன கம்ப்யூட்டர் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "வுடு நைனா, இதுவே போதும். இன்னாத்துக்குப் பெர்சு பண்ணிகினு? உள்ள அவனுக்குக் கேக்குது பாரு," என்றார். நல்ல மனது என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் பத்து நாள் நான் அந்தக் கம்ப்யூட்டரோடு கிடந்தேன். யார்டிலிருந்து நாலரை மணிக்கு வந்தால் முகம் கழுவிவிட்டு அதன் முன்னால் உட்காருவேன். விசைப் பலகையில் இருக்கிற ஒவ்வொரு விசையையும் தட்டிப் பார்த்தேன். படத்தின் மேல் இரண்டு முறை கிளிக் செய்தாலும் கறுப்பு, எஃப் விசையைத் தட்டினாலும் கறுப்பு. பிளேயரை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மானிட்டர் வயரைப் பிடுங்கி ஊதிச் சொருகினேன். எங்கள் பக்கம் எதை ஊதினாலும் கருந்தூசிதான் வரும். வயரில் இருந்த தூசி என் உதட்டில் ஒட்டி நறநறத்தது. துப்பிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

நெட்டில் தேடினால் ஆயிரம் பேர் இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். முழுத்திரையில் கறுப்பு, சத்தம் மட்டும் வருகிறது, உதவுங்கள். எனக்குப் புரிந்த அளவு ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கேட்டவர்களெல்லாம் சினிமா பார்க்கிறவர்கள். மேட்ச் பார்க்கிறவர்கள். ஒருவன் தன் கல்யாண வீடியோ தெரியவில்லை என்று புலம்பியிருந்தான். பதில் சொன்னவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எதைப் பெரிதாகப் பார்க்க விரும்புகிறேன் என்று அங்கே எழுதினால் என்ன சொல்லுவார்கள் என்று யோசித்தேன். எழுதவில்லை.

சரிசெய்கிற வேலையில் ஒரு கொடுமை இருக்கிறது. ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு, சரியாயிற்றா என்று பார்க்க அந்த வீடியோவைத்தான் போட வேண்டும். வேறு வீடியோ போட்டுச் சோதித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. ஹாரன், மொத்தல், தகரம், அய்யய்யோ. மூன்றாம் நாளிலேயே எனக்கு அது உறைக்காமல் போய்விட்டது. மொத்தல் சத்தம் கேட்கும்போது நான் "இந்த முறையும் கறுப்புதான்" என்று அலுத்துக்கொண்டேன். தம்பி விழுகிறான், நான் கொட்டாவி விடுகிறேன். அதை உணர்ந்தபோது எனக்கு என் உடம்பே கூசியது.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, புடவைத் திரைக்குப் பின்னாலிருந்து அவன் மெதுவாகக் கேட்டான்.

"இன்னும் எத்தினி வாட்டிணா என்னைப் போட்டு அட்ச்சிகினே இருப்ப?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. நான் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன். அதை முதல் நாளே செய்திருக்கலாம். சத்தம் இருந்தால்தானே வீடியோ ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று கறுப்பில் தெரியும் என்று நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். அந்தக் காரணத்தை அவனிடம் சொல்லவும் செய்தேன்.

யார்டில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் ஆள் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். கேட்பதற்குள் பத்து நாள் ஓடியது. என்ன வீடியோ என்று அவர் கேட்பாரே என்றுதான் பயம். கடைசியில் ஃபோன் செய்தேன். கேட்டார். வாயில் வந்த பொய்யைச் சொன்னேன், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றேன். அவர் மூன்று விஷயம் சொன்னார். செட்டிங்ஸில் வீடியோ என்ற பக்கத்துக்குப் போ, அவுட்புட் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக் என்று இருக்கும், அதை மாற்றி வேறொன்றைப் போடு. ஹார்டுவேர் என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும், அதை நிறுத்திவை, உன் பழைய மெஷினுக்கு அது தாங்காது. இரண்டையும் மாற்றினதும் சேவ் செய்து பிளேயரை மூடித் திற. நான் அவுட்புட்டை ஏற்கெனவே நான்கு தடவை மாற்றியிருந்தேன். ஒரு தடவைகூட மூடித் திறக்கவில்லை. மாற்றின உடனே படம் வந்துவிடும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். பத்து நாளும் அதற்குத்தான் போயிருக்கிறது.

மூடினேன். திறந்தேன். அமுக்கினேன்.

திரை நிறைய வெயில் வந்தது. சாலை அவ்வளவு அகலமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தம்பியின் சட்டை என்ன நிறம் என்பது தெரிந்தது. மீன் பெட்டிக்கு மேல் அவன் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டது. அவன் இடது ஓரமாக, நேராக, ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தான். குடித்தவன் ஓட்டுகிற மாதிரி இல்லவே இல்லை. பின்னால் வந்த டிரெய்லர் லாரி முன்னாலிருந்த வேனை முந்துவதற்காக இடது பக்கம் ஏறி, அவனை ஒரு துணியைத் தள்ளுவது போலத் தள்ளிவிட்டுப் போனது. ஈ என்ற விசையைத் தட்டினால் படம் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும். தட்டித் தட்டி நகர்த்தினேன். லாரியின் நம்பர் பலகையில் சேறும் சாம்பலும் அப்பிக் கிடந்தது. ஆனால் லாரி சுமந்த கன்டெய்னர் பெட்டியின் பின் கதவு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டம் போட்ட ஒரு இலக்கம். எனக்குப் பழகின முகம் மாதிரி. ஒரே ஒரு இலக்கம் மட்டும் மூன்றா எட்டா என்று தெரியவில்லை.

எழுதிக்கொண்டு சுட்டியிலிருந்து கையை எடுத்தேன். இந்தப் பிளேயரில் ஒரு வழக்கம் உண்டு. முழுத்திரையில் சுட்டி அசைந்தால், கீழே ஒரு பட்டை வந்து நிற்கும். நிறுத்துவது, ஓட்டுவது எல்லாம் அதில் இருக்கும். சுட்டியை விட்டுவிட்டால் இரண்டு மூன்று நொடியில் பட்டை மறைந்துவிடும். மறைந்தது. அதற்கு அடியில் இருந்தது கடை வாசல், படத்தின் கீழ் ஓரம். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

நாலைந்து பேர் ஓடி வந்தார்களே, அவர்கள் அங்கேதான் வந்தார்கள். தம்பி சாலையில் கிடந்தான், இவர்கள் அவனிடம் போகவில்லை. கடை வாசல் வரை தெறித்து விழுந்த மீன் பெட்டி உடைந்து, மீன் சிதறிக் கிடந்த இடத்தில் குனிந்தார்கள். ஒருவன் தன் ஹெல்மெட்டைத் திருப்பிப் பிடித்து அதில் அள்ளினான். ஒரு பெண் முந்தானையை ஏந்தினாள். ஒருவர் உடைந்த பெட்டிக்குள் ஒட்டியிருந்ததைக்கூட ஐஸோடு வழித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அவர் நிமிர்ந்து, கிடப்பவன் யார் என்று ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பையை மடித்துக்கொண்டு நடந்தார். அவர் எதிர்வீட்டுக்காரர். தம்பியை வந்து தூக்கியது அதற்கும் பிறகு, அந்தப் பக்கமாகப் போன ஒரு குப்பை வண்டிக்காரரும் அவருடன் இருந்த பெண்ணும்.

எனக்கு வாந்தி வந்தது. உவமைக்குச் சொல்லவில்லை, எழுந்து போய் வாசல் சாக்கடையில் எடுத்தேன். எதிர்வீட்டில் அப்போது மீன் வறுக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவர்கள் காசு கொடுத்து வாங்கின மீனாகத்தான் இருக்கும். இருந்தாலும் அந்த வாசனை.

தம்பியிடம் நம்பர் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் யார்டில் பெட்டி பதியும் திரையில் அந்த நம்பரை மூன்று போட்டு அடித்தேன். ஏற்கவில்லை. எட்டுப் போட்டு அடித்தேன், ஏற்றது. கட்டத்துக்குள் இருக்கும் கடைசி இலக்கம் அதற்காகத்தான். முன்னால் ஒன்று தப்பாக இருந்தாலும் கணக்கு ஒத்து வராது, திரை தள்ளிவிடும். அவ்வளவு போதும் என்று அதை அழித்துவிட்டு, அரை நாள் லீவு போட்டு, நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு மனிதனின் பெயரையே பிடித்துவிட்டது போல.

ரைட்டர் சீட்டைப் பார்த்தார். "யோவ், இது பொட்டி நம்பர்யா. பொட்டியா வந்து இட்ச்சிது? வண்டி நம்பரு எங்க?"

அங்கே இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் அப்போதுதான் உணர்ந்தேன். இருபத்திரண்டு வருஷமாக நான் லாரியைப் பார்த்ததே இல்லை. எனக்குப் பெட்டிதான் வண்டி. லாரி நம்பர் எழுதுவது வாசல் கேட்டில் இருப்பவர் வேலை. ஒரு பெட்டி காலையில் ஒரு லாரியில் இருக்கும், சாயங்காலம் வேறொன்றில் இருக்கும். இது எங்கள் யார்டில் தரை கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். பழக்கம் என் கண்ணைக் கட்டியிருந்தது. தம்பியை இடித்தவனின் அடையாளம் என்று நான் சந்தோஷமாகக் கொண்டுபோனது, அவன் சுமந்துகொண்டு போன தகரத்தின் அடையாளம்.

திரும்பி வந்து கேட்டில் இருப்பவரிடம், அன்றைய தேதியில் இந்தப் பெட்டி எங்காவது வந்ததா என்று விசாரிக்க முடியுமா என்று கேட்டேன். எங்கள் பக்கத்து யார்டுகளிலெல்லாம் அவருக்கு ஆள் தெரியும். அவர் யாருக்கும் ஃபோன் செய்யவில்லை. தன் ரிஜிஸ்தரையே புரட்டினார். "இன்னா நீ, நம்ம யார்டுக்குத்தான் வந்துகீது. பன்னெண்டு மணிக்கு. நீதான இறக்கிகிற," என்றார்.

டேலி தாளை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. சீல் நம்பர், கதவில் ஒரு நசுங்கல் என்று குறிப்பு, எல்லாம் என் எழுத்து. வேலை நேரத்தில் ஃபோனைப் பெட்டகத்தில் வைத்துவிடுவோம் என்பதால் தம்பிக்கு நடந்தது எனக்கு ஒரு மணிக்கு மேல்தான் தெரியும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு அந்த லாரி என் எதிரில் நின்றிருக்கிறது. நான் கதவையும் சீலையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு டிரைவர் கையில் கொடுத்திருக்கிறேன். முன் பம்பரைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை. அவன் ஏதாவது பேசினானா என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

கேட்டில் இருந்தவர் ரிஜிஸ்தரில் இருந்த லாரி நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மேனேஜருக்குத் தெரிய வேண்டாம் என்றார். போலீஸ் கேட்டால் ரிஜிஸ்தரைக் காட்டித்தானே ஆக வேண்டும் என்றேன். "அது அவங்கோ கேக்கச் சொல்லோ பாத்துக்கலாம்," என்றார். இத்தனை நாளில் என்னை அருவருக்க வைக்காத ஒரு மனிதர் அவர்.

இந்த முறை ரைட்டர் சிரிக்கவில்லை. வீடியோவைப் பார்க்க வேண்டும், அடிபட்டவனையும் கூட்டி வா, மறுபடி வாக்குமூலம் எழுத வேண்டும் என்றார். தம்பியை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனேன். ஊன்றுகோல் இன்னும் பழகவில்லை. மூன்று படி ஏறுவதற்குள் வேர்த்துவிட்டான். அவனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வீடியோவை நான் மட்டும் காட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவன் உள்ளே வந்து கம்ப்யூட்டருக்கு நேராக உட்கார்ந்துகொண்டான். இத்தனை நாள் காதால் கேட்டதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றான்.

காவல் நிலையக் கம்ப்யூட்டரில் ஒரே அமுக்கில் முழுத்திரை வந்துவிட்டது. நான் சுட்டியைப் பிடித்திருந்தேன். லாரி வந்தது, தள்ளியது, போனது. பெட்டி நம்பரை ரைட்டர் சரிபார்த்தார். அதோடு நிறுத்தப் போனேன். ஓட விடு என்றார். நான் சுட்டியை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஆட்டினால் கீழே பட்டை நிற்கும். பட்டை நின்றால் கடை வாசல் தெரியாது. தம்பி சாலையில் கிடப்பது மட்டும் தெரியும். யாரோ வந்து தூக்கும் வரைக்கும் ஆட்டிக்கொண்டிருந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

"அத்த ஏன்யா ஆட்டிகினே கீற? மறைக்குது, வுடு," என்று ரைட்டர் என் கையைத் தட்டிவிட்டார்.

பட்டை மறைந்தது.

தம்பி பார்த்தான். ஹெல்மெட்டைப் பார்த்தான், முந்தானையைப் பார்த்தான், பையில் ஐஸ் வழிப்பவரைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "வவ்வால் மீனை மெரிச்சிகினு நின்னு நெத்திலியப் பொறுக்கிகினு கீறாரு பாருணா. மீனைப் பத்தி ஒண்ணுமே தெரில," என்றான். ரைட்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தம்பி சிரிக்கவில்லை.

ரைட்டர் பழைய தாளை எடுத்து அந்த வரியை அடித்தார். அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். புதுத் தாளில், பின்னால் வந்த டிரெய்லர் லாரி அஜாக்கிரதையாக மோதியதில் என்று எழுதி, வண்டி நம்பரையும் எழுதினார். உரக்கப் படித்துக் காட்டச் சொன்னான் தம்பி. அவர் படித்தார். இன்னொரு தரம் என்றான். முறைத்துக்கொண்டே இன்னொரு தரமும் படித்தார். நான் குடித்திருந்தேன் என்று அன்றைக்கு யார் வந்து சொன்னது என்று தம்பி கேட்டான். ஒரு ஆள் வந்து சொன்னான், உன் பழக்கமெல்லாம் தெரிந்தவன் மாதிரி இருந்தது, பெயரெல்லாம் யார் எழுதிவைத்தார்கள் என்றார் ரைட்டர். தம்பி என் கையிலிருந்து சுட்டியை வாங்கி, மீன் அள்ளுகிற இடத்துக்கு வீடியோவைப் பின்னால் ஓட்டி நிறுத்தினான்.

"நேர்ல பாத்த சாட்சி ஒருத்தராவது வேணும்பா. இதுல யாருன்னா தெரிஞ்சவங்க கீறாங்களா?"

நான் இல்லை என்று தலையாட்டத் தொடங்கினேன். தெருவில் நாளைக்கும் அந்த வாசலைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போக வேண்டும். தம்பி ஊன்றுகோலின் நுனியைத் தூக்கித் திரையில் வைத்தான்.

"தோ, பையி வெச்சிகினு குனிஞ்சிகினு கீறாரே, அவரை எய்திக்கோங்க சார். ரொம்பக் கிட்டக்க நின்னு பாத்தவரு."

ரைட்டர் பெயர் கேட்டார். தம்பி சொன்னான். முகவரி கேட்டார். தம்பிக்கு எதிர்வீட்டுக் கதவு எண் தெரியவில்லை, என் பக்கம் திரும்பினான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன். ரைட்டருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, என்ன என்றார். கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.